மலைச்சரிவும் வானொலி அலைகளும்

நுவரெலியாவின் தேயிலைச் சரிவுகளில் மாலையில் இறங்கும் மூடுபனி விண்மீன்களைக் கண்ணுக்கு மறைத்துவிடுகின்றது. ஆயினும் ஒரு மீற்றர் அளவு நீளமுடைய வானொலி அலைகளுக்கு அம்மூடுபனி ஒரு தடையன்று. பனியும் தேயிலையும் ஒருங்கே அமைந்த மற்றொரு தமிழ் மலைநாடாகிய நீலகிரியில் இவ்வலைகளைக் கொண்டே பிரபஞ்சத்தின் இளமைக்காலம் ஆராயப்பட்டது.

உதகமண்டலத்துக்கு அருகிலுள்ள முத்தோரையில் 1970இல் இயங்கத் தொடங்கிய வானொலித் தொலைகாட்டி, ஹோமி பாபாவின் ஆதரவோடு கோவிந்த் சுவரூப் வகுத்த திட்டத்தின் பயனாகும். 530 மீற்றர் நீளமும் 30 மீற்றர் அகலமுங் கொண்ட அதன் பரவளைவு உருளையைத் தாங்குவன 24 சட்டங்கள். அதனை இத்துணைச் சிறப்புடையதாக்கியது இரும்பன்று, நிலமே. அவ்விடத்தின் அகலக்கோடு ஏறத்தாழ 11 பாகை. வடக்கு நோக்கி அதே 11 பாகை உயரும் சரிவொன்றிலே உருளையைக் கிடத்தினால், அதன் நீளச்சு புவியின் சுழலச்சுக்குச் சமாந்தரமாகிவிடும். பின்னர் அவ்வச்சைச் சுற்றித் திருப்பினாலே போதும். வானத்து மூலமொன்றை ஒன்பது மணி நேரத்துக்கு மேல் பின்தொடரலாம். செல்வ நாடுகள் பெரும் பொறிகளால் ஈட்டியதை இங்கே ஒரு மலைச்சரிவு ஈந்தது. நுவரெலியாவாயின் 7 பாகைச் சரிவு வேண்டும். அதற்கு அங்கே பஞ்சமில்லை.

தொலைவிலுள்ள வானொலி மூலங்களைச் சந்திரன் மறைக்கும் கணத்தையும், மீண்டும் வெளிப்படுத்தும் கணத்தையும் நுணுகி அளந்து, அவற்றின் கோணப் பருமன் கணிக்கப்பட்டது. மங்கலான மூலங்களின் பருமன் பற்றி 1975இல் சுவரூபும் விஜய் கபாஹியும் வெளியிட்ட முடிவுகள், பிரபஞ்சம் என்றும் ஒரே தன்மையதெனக் கூறிய நிலைமாறாக் கொள்கையோடு இசையவில்லை. பிரபஞ்சம் காலத்தோடு மாறிவருவதென்னும் கருத்துக்கே அவை துணைநின்றன.

இதே காலத்தில் நீலகிரிக்கு வேறொரு வரவும் நிகழ்ந்தது. 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியா ஏற்கவேண்டுமெனக் கணக்கிட்டது. அட்டனிலும் நுவரெலியாவிலும் தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்தோர் தலைமன்னாரிலே கப்பலேறினர். அவருட் பலர் நீலகிரியின் அரசாங்கத் தேயிலைத் தோட்டங்களிற் குடியமர்த்தப்பட்டனர். சரிவு அவர்களுக்குப் புதிதன்று, நாடே புதிது. பிரபஞ்சத்தின் எல்லையை அளக்கும் கருவி நின்ற மலையிலேயே, தாம் எந்நாட்டவரென்பதை மற்றவர் அளந்து கூறக் கேட்டவர் அவர்கள்.

மில்லிமீற்றர் அலைகளின் கதை வேறு. உடுத்தொகுதிகளிலே புதிய விண்மீன்களை ஈனும் குளிர்ந்த வாயுவை அறிய, அதிற் கலந்துள்ள காபனோரொட்சைட்டு வெளியிடும் 2.6 மில்லிமீற்றர் அலை வழிகாட்டும். 1965இல் பென்சியாசும் வில்சனும் அறிவித்த, பிரபஞ்சத்தின் இளமையிலிருந்து எஞ்சிய பின்னணிக் கதிர்ப்பும் ஏறத்தாழ இவ்வலைநீளங்களிலேயே உச்சம் பெறுகின்றது. ஆனால் காற்றிலுள்ள நீராவி இவ்வலைகளை விழுங்கிவிடும். மீற்றர் அலைக்குத் தீங்கிழைக்காத ஈரம் இங்கே பகையாகின்றது. பெங்களூர் இராமன் ஆராய்ச்சி நிலையத்தில் 10.4 மீற்றர் விட்டமுடைய மில்லிமீற்றர் அலைத் தொலைகாட்டி அமைக்கப்பட்டபோதும், பருவமழை நாட்டின் ஈரக்காற்று அதற்கு ஓர் எல்லையே. ஆகவேதான் இத்துறையின் பெருங்கருவி சிலி நாட்டின் அற்றகாமா வறள்நிலத்தை நாடிற்று. 2013இல் திறந்துவைக்கப்பட்ட அல்மாவின் 66 அலைவாங்கிகள் ஏறத்தாழ 5,000 மீற்றர் உயரத்தில் நிற்கின்றன. நுவரெலியாவுக்கு மேலே எழும் பீதுருதாலகாலையின் உயரம் 2,524 மீற்றர். அதுபோன்ற இரு மலைகளை ஒன்றன்மேலொன்றாய் அடுக்கினாலன்றி அவ்வுலர்ந்த வானை எட்டுதல் இயலாது.