சுடுநீர் ஹீட்டர்: ‘டெஸ்ட்’ பொத்தானைக் கடைசியாக எப்போது அழுத்தினீர்கள்?

கோலாலம்பூர் – ‘ஹீட்டர்’ என்றதும் நம் வீடுகளில் நினைவுக்கு வருவது குளியலறைச் சுவரில் மாட்டியிருக்கும் சுடுநீர்ச் சாதனம்தான். பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி, கிள்ளான் தாமான் வீடு, தோட்டத்து லயன் வீடு என்று எங்கும் இப்போது அதைப் பார்க்கலாம். விடியற்காலையில் வேலைக்குக் கிளம்புபவர், இரவு ஷிப்டு முடிந்து வருபவர், மூட்டு வலியுள்ள பெரியவர், பிள்ளை பெற்ற தாய் எனப் பலருக்கும் அது அன்றாடத் தேவை. தீபாவளி எண்ணெய்க் குளியலுக்கோ கேட்கவே வேண்டாம்.

தண்ணீரும் மின்சாரமும் ஒரே பெட்டிக்குள் இருக்கும் சாதனம் இது. நம்மைக் காப்பது அதன் விலையோ பிராண்டோ அல்ல. எர்த் கம்பியும், மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவியும்தான் நம்மைக் காக்கின்றன. இவ்விரண்டும் சரியாக இருக்கின்றனவா என்பதை ஒவ்வொரு குடும்பமும் தெரிந்து வைத்திருப்பது அவசியம்.

சாதாரண பிரேக்கர் ஏன் போதாது?

நம் நாட்டின் மின் அழுத்தம் 230 வோல்ட். உடனடிச் சுடுநீர் ஹீட்டர் ஒன்று சுமார் 3.6 கிலோவாட் சக்தியில் இயங்குகிறது என்றால், அது ஏறக்குறைய 16 ஆம்பியர் மின்சாரத்தை இழுக்கும். மனித இதயத்தின் துடிப்பைக் குலைக்க 0.03 ஆம்பியர் அளவே போதுமானதாகிவிடலாம். அதாவது ஹீட்டர் இழுப்பதில் ஐந்நூறில் ஒரு பங்கு.

மின்சுமை கூடினால் விழும் எம்.சி.பி. பிரேக்கருக்கு இவ்வளவு சிறிய கசிவு தெரியவே தெரியாது. உள்ளே போன மின்சாரமும் திரும்பி வந்த மின்சாரமும் சமமா என்று ஒப்பிட்டுப் பார்த்து, குறைந்தால் நொடிப்பொழுதில் துண்டிப்பது ஆர்.சி.டி. எனப்படும் கருவி. இ.எல்.சி.பி. என்று நாம் பழக்கத்தில் சொல்வதும் இதைத்தான்.

தரை ஈரமாக இருக்கக்கூடிய இடங்களுக்கு 10 மில்லி ஆம்பியர், அதாவது 0.01 ஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் கருவி வேண்டும் என்கின்றன 1994ஆம் ஆண்டின் மின்சார விதிமுறைகள். பல பழைய வீடுகளின் மெயின் பெட்டியில் இருப்பது 100 மில்லி ஆம்பியர் கருவிதான். அது வீட்டை மின்கசிவுத் தீயிலிருந்து காக்க உதவும். ஈர உடம்போடு நிற்பவரைக் காக்க அதை மட்டும் நம்பக்கூடாது.

உங்கள் மெயின் பெட்டியைத் திறந்து, கருவியின் மேல் 0.1A, 0.03A, 0.01A ஆகியவற்றில் எது எழுதியிருக்கிறது என்று பாருங்கள். ஹீட்டருக்கென்று 0.01A கருவி இல்லையென்றால் வயர்மேனை அழைத்துப் பொருத்திக்கொள்ளுங்கள்.

பொருத்தும்போது கவனிக்க வேண்டியவை

• சிரிம் முத்திரை உள்ள ஹீட்டரையே வாங்குங்கள். விலை மலிவு என்பதற்காக முத்திரை இல்லாத பொருளை இணையத்தில் வாங்க வேண்டாம்.

• எரிசக்தி ஆணையத்தின் தகுதிச் சான்றிதழ் பெற்ற வயர்மேனிடம் வேலையைக் கொடுங்கள். சான்றிதழைக் காட்டச் சொல்லிக் கேட்பது தவறல்ல.

• ஹீட்டருக்கு மெயின் பெட்டியிலிருந்து தனி இணைப்பு வேண்டும். 13 ஆம்பியர் பிளக்கிலோ, நீட்டிப்புக் கம்பியிலோ, குளியலறை விளக்கின் கம்பியிலோ இணைத்தால் கம்பி சூடேறித் தீப்பிடிக்கலாம்.

• ஹீட்டரின் சுவிட்ச் குளியலறைக்கு வெளியே இருக்க வேண்டும்.

• பழைய லயன் வீடுகளிலும் பழைய கடைவீடுகளிலும் எர்த் இணைப்பு உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று முதலில் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். முன்பு இரும்புத் தண்ணீர்க் குழாயையே எர்த்தாக நம்பிய இடங்களில், பிளாஸ்டிக் குழாய் மாற்றியதும் அந்தப் பாதுகாப்பு போய்விடும்.

மாதம் ஒரு முறை சோதனை

ஹீட்டரைப் போட்டு, தண்ணீரைத் திறந்துவிட்டு, அதிலுள்ள ‘டெஸ்ட்’ பொத்தானை அழுத்துங்கள். உடனே மின்சாரம் நிற்க வேண்டும். பிறகு ‘ரீசெட்’ அழுத்திப் பழைய நிலைக்குக் கொண்டு வரலாம். மெயின் பெட்டியிலுள்ள கருவியிலும் ‘T’ என்ற பொத்தான் இருக்கும். அதையும் அழுத்திப் பாருங்கள். அழுத்தியும் நிற்கவில்லை என்றால், சரிசெய்யும்வரை அந்த ஹீட்டரில் யாரும் குளிக்கக் கூடாது.

இந்தச் சோதனை எர்த் கம்பியைச் சோதிக்காது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். அதற்கு வயர்மேனின் அளவுக் கருவி வேண்டும்.

ஹீட்டர் அடிக்கடி ‘டிரிப்’ ஆகிறது என்று சிலர் துண்டிக்கும் கருவியைக் கழற்றிவிட்டு நேராக இணைத்துக் கொள்கிறார்கள். அது உயிருக்கு உலை வைக்கும் செயல். டிரிப் ஆவது தொந்தரவல்ல, எச்சரிக்கை.

தண்ணீர்த் தடை, இடி, வெள்ளம்

கிள்ளான் பள்ளத்தாக்கில் தண்ணீர் விநியோகம் தடைப்பட்டால் ஹீட்டர் சுவிட்சை அடைத்து வையுங்கள். தண்ணீர் திரும்பியதும் முதலில் வருவது கலங்கலாக இருக்கும். வேறு குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் தெளிந்த பிறகே ஹீட்டரைப் பயன்படுத்துங்கள். தண்ணீர் வேகம் குறைந்திருந்தால், மின்சாரத்தையும் தண்ணீரையும் அடைத்துவிட்டு, ஹீட்டருக்குத் தண்ணீர் நுழையும் இடத்திலுள்ள வடிகட்டியைக் கழுவுங்கள். தண்ணீர் வெளிவரும் குழாயை மடக்குவதோ அடைப்பதோ கூடாது.

இடி மின்னல் மிகுந்த வட்டாரம் நம்முடையது. இடி இடிக்கும்போது குளியலைத் தள்ளிப் போடுங்கள்.

2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவையும் கிள்ளானையும் மூழ்கடித்த வெள்ளத்தை யாரும் மறந்திருக்க முடியாது. வெள்ளம் வடிந்து வீடு திரும்பினால், சுவிட்சுகளும் கம்பிகளும் காய்ந்தது போல் தெரிந்தாலும் மெயினைப் போடாதீர்கள். வயர்மேன் சோதித்த பிறகே மின்சாரம்.

குழந்தைகளும் பெரியவர்களும்

60 பாகை செல்சியஸ் தண்ணீர் சில விநாடிகளிலேயே தோலை வேகவைத்துவிடும். குழந்தையின் தோலும் முதியவரின் தோலும் மேலும் மெல்லியவை. சூட்டைக் குறைவாக வைத்து, கையில் ஊற்றிப் பார்த்த பிறகே அவர்களைக் குளிப்பாட்டுங்கள். நீரிழிவால் கால் மரத்துப் போனவர்களுக்குச் சூடு தெரியாது. அவர்களுக்காக வேறொருவர் பார்ப்பது நல்லது.

வாளியில் கம்பியைப் போட்டுத் தண்ணீர் காய வைக்கும் வழக்கமும் சில வீடுகளில் உண்டு. சுவிட்சை அடைத்து, பிளக்கையும் பிடுங்கிய பிறகே வாளியைத் தொடுங்கள். இரும்பு வாளி வேண்டாம். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இந்தக் கம்பியே வேண்டாம்.

உடனே நிறுத்த வேண்டிய அறிகுறிகள்

• தண்ணீரையோ குழாயையோ தொட்டால் ‘சுர்’ என்று லேசாக ஷாக் அடிப்பது

• கருகிய வாடை, சுவிட்ச் சூடாவது அல்லது பழுப்பேறுவது

• பெட்டியிலிருந்து தண்ணீர் சொட்டுவது

• தண்ணீர் திடீரென்று கொதிப்பாக வருவது

வாடகை வீடாக இருந்தால் குடிபுகும் முன்பே ஹீட்டரைச் சோதித்துத் தரும்படி வீட்டுக்காரரிடம் கேளுங்கள். பழுதானால் யார் செலவு என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

மின்சாரம் தாக்கினால்

பாதிக்கப்பட்டவரைப் பதற்றத்தில் தொட்டுவிடாதீர்கள். காப்பாற்றப் போனவரும் மாட்டிக்கொள்வார். முதலில் மெயின் சுவிட்சை அடைத்து, பிறகு 999ஐ அழையுங்கள். மூச்சு இல்லையென்றால் சி.பி.ஆர். தெரிந்தவர் உடனே தொடங்கட்டும். மெயின் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்பது வீட்டிலுள்ள பிள்ளைகளுக்கும் தெரிந்திருக்க வேண்டும். வீட்டுக்கு வரும் மின் விநியோகத்தில் கோளாறு என்றால் தெனாகா நேஷனலின் 15454 எண்ணில் புகார் செய்யலாம்.

மாதக் கட்டண பில் வரும் நாளையே சோதனை நாளாக வைத்துக்கொண்டால் மறக்காது. பொத்தானை அழுத்திப் பார்க்க ஒரு நிமிடம் போதும்.