உணவுக்குப் பின்



மூட்டுவலிக்கும் பல்வலிக்கும் நாம் விழுங்கும் சின்னஞ்சிறு மாத்திரைக்கும் வரலாறு உண்டு. "உணவுக்குப் பின்" என்று மருத்துவர் சீட்டில் எழுதித் தரும் இரண்டு சொற்களின் பொருளையும், அவற்றின் எல்லையையும், அவ்வரலாறு நமக்கு நன்கு உணர்த்துகிறது.

1763ஆம் ஆண்டில் எட்வர்டு ஸ்டோன் என்னும் ஆங்கிலப் பாதிரியார், வில்லோ மரத்தின் பட்டையை உலர்த்திப் பொடியாக்கி, காய்ச்சல் கண்ட ஏறத்தாழ 50 பேருக்குக் கொடுத்துப் பயன் கண்டதை இலண்டன் ராயல் சங்கத்திற்கு எழுதினார். 1828இல் மியூனிக் நகரத்து யோகான் புக்னர் அப்பட்டையினின்று சாலிசின் என்னும் கசப்புப் பொருளைப் பிரித்தெடுத்தார். அதன் வழியில் வந்த சாலிசிலிக் அமிலம் மூட்டுவாதத்தைத் தணித்தது; ஆயின் வயிற்றை வருத்தியது. 1897இல் ஜெர்மனியின் பேயர் தொழிற்சாலையில் பெலிக்ஸ் ஹாஃப்மன் அவ்வமிலத்தின் மாற்றுருவைத் தூய்மையாக ஆக்கினார். 1899இல் அது ஆஸ்பிரின் என்னும் பெயர் பெற்றது. வயிற்றுக்கு ஏற்ற மருந்து கிடைத்துவிட்டது என்று உலகம் நம்பியது.

அந்நம்பிக்கை நிலைக்கவில்லை. 1938இல் டௌத்வெயிட், லிண்டாட் என்னும் இரு இலண்டன் மருத்துவர்கள், இரைப்பையின் உட்புறத்தைக் காட்டும் குழாய்க் கருவியால் நோக்கியபோது, ஆஸ்பிரின் இரைப்பையின் உட்சுவரைச் சிவந்து புண்படச் செய்தலைக் கண்டனர். ஆஸ்பிரினினும் தீங்கு குறைந்த மருந்தைத் தேடி, நாட்டிங்காம் நகரில் ஸ்டூவர்ட் ஆடம்ஸ் பல்லாண்டு உழைத்தார். அவரும் அவருடைய துணைவர்களும் கண்ட ஐபுப்ரோஃபென் 1969இல் பிரிட்டனில் பயனுக்கு வந்தது. தீங்கு குறைந்தது, அறவே ஒழியவில்லை.

ஏன் ஒழியவில்லை? 1971இல் ஜான் வேன் இதற்கு விடை கண்டார். நம் உடலில் புராஸ்டகிளாண்டின் என்னும் பொருள்கள் உண்டாகின்றன. வலியையும் வீக்கத்தையும் மிகுவிப்பவை அவையே. இரைப்பையின் உட்சுவரைத் தன் அமிலத்தினின்று காப்பவையும், சிறுநீரகத்திற்குக் குருதி செல்லத் துணை நிற்பவையும் அவையே. இம்மாத்திரைகள் அப்பொருள்கள் உண்டாவதைத் தடுக்கின்றன. வலியும் போகிறது, காவலும் குறைகிறது. இக்கண்டுபிடிப்புக்காக வேன் 1982இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்.

இதனால் ஓர் உண்மை புலனாகிறது. இத்தீங்கு மாத்திரை வயிற்றைத் தொடுவதால் மட்டும் நேர்வதன்று. குருதியில் கலந்த பின்னரும் நேர்வது. உணவுக்குப் பின் உண்டால் எரிச்சல் தணியலாம். புண் வராது என்னும் உறுதி இல்லை. "சாப்பிட்டுவிட்டுத்தானே போட்டுக்கொண்டேன்" என்று மாதக்கணக்கில் விழுங்குவோர் இதனைக் கருத வேண்டும்.

இரைப்பையை விடுத்து வலியை மட்டும் தாக்கும் மருந்தும் செய்து பார்த்தனர். 1999இல் வெளிவந்த ரோஃபெகாக்சிப், மாரடைப்பையும் பக்கவாதத்தையும் மிகுவித்தமையால் 2004இல் திரும்பப் பெறப்பட்டது. தீங்கே இல்லாத வலி மாத்திரை வந்துவிட்டது என்று எண்ணியபோதெல்லாம் மனிதர் ஏமாந்தனர்.

ஆதலின் நாம் கொள்ளத்தக்க நெறிகள் சில. தேவையான மிகக் குறைந்த அளவை, மிகக் குறைந்த நாளே உண்க. ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் ஆகியவை பெயரால் வேறாயினும் ஒரே குடும்பத்தவை. அவற்றைச் சேர்த்து உண்ணலாகாது. குடற்புண், சிறுநீரக நோய், இதய நோய், இரத்த அழுத்தம் உடையோரும், கருவுற்றோரும், முதியோரும் மருத்துவரைக் கேளாமல் தொடுதல் கூடாது. காய்ச்சல் கண்ட குழந்தைக்கு ஆஸ்பிரின் தரலாகாது. நம் நாட்டில் மழைக்காலக் காய்ச்சல் டெங்குவாகவும் இருக்கலாம். அப்போது இம்மாத்திரைகள் குருதிக்கசிவை மிகுவிக்கக்கூடும். மலம் கரிய நிறமாயினும், வாந்தியில் குருதி காணினும், உடனே மருத்துவமனைக்குச் செல்க. இதயத்தின் பொருட்டு மருத்துவர் நாள்தோறும் ஆஸ்பிரின் உண்ணச் சொல்லியிருந்தால், அதனைத் தாமாக நிறுத்துதலும் தவறு.

கடைக்காரர் அட்டையைக் கத்தரித்து இரண்டு மாத்திரை தரும்போது, மருந்தின் பெயரும் காலாவதி நாளும் பல வேளைகளில் அவரிடமே தங்கிவிடுகின்றன. பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அதற்கு வெட்கம் வேண்டா. தாம் உண்பது இன்னதென்று அறிந்திருப்பவரே, துன்பம் நேரும்போது மருத்துவருக்கு விடை சொல்ல வல்லவர்.