விருந்து மேசையும் திட்ட அனுமதியும்: அரசியல் நன்கொடை, கட்டுமான அதிபர்கள், அரசின் ஒருதலைச் சார்பு

பிரிட்டனின் முன்னாள் ஊடக அதிபரும் நிலவுடைமையாளருமான ரிச்சர்ட் டெஸ்மண்ட் 2020 ஜனவரி 28 அன்று கன்சர்வேட்டிவ் கட்சிக்கு 12,000 பவுண்டு நன்கொடை அளித்தார். அதற்குச் சரியாக இரண்டு வாரம் முன்பு, ஜனவரி 14 அன்று, அக்கட்சியின் வீட்டுவசதித் துறை அமைச்சர் ராபர்ட் ஜென்ரிக், டெஸ்மண்டின் நிறுவனம் லண்டனில் முன்வைத்த ஏறத்தாழ 100 கோடி பவுண்டு மதிப்புள்ள குடியிருப்புத் திட்டத்துக்கு அனுமதி வழங்கியிருந்தார். இவ்விரு தொகைகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர்கள் நேரெதிரான இரண்டு முடிவுகளுக்கு வருகிறார்கள். எதிர்க்கட்சியினர் இதைக் கைம்மாறு என்றனர். ஆட்சியினரின் ஆதரவாளர்களோ, இத்தனை பெரிய திட்டத்தை இத்தனை சிறிய தொகைக்கு யார் விற்பார்கள் என்று கேட்டனர்.

இரு தரப்பும் நன்கொடையை அனுமதியின் விலையாகக் கருதுகின்றன. பிழை அங்கேதான் தொடங்குகிறது. நன்கொடை வாங்கித் தருவது முடிவை அன்று, முடிவெடுப்பவரின் அணுக்கத்தை என்பதே இக்கட்டுரையின் வாதம். அது ஒரு நுழைவுச்சீட்டு. சீட்டின் விலையை உள்ளே கிடைப்பதன் மதிப்போடு ஒப்பிட்டு ஊழல் நடந்ததா இல்லையா என்று தீர்ப்புச் சொல்ல இயலாது. இதை ஏற்றால், சட்டம் எதைத் தேட வேண்டும், எந்த நிறுவனம் தேட வேண்டும் என்னும் கேள்விகளும் மாறிவிடுகின்றன. பிரிட்டன், கனடாவின் ஒன்டாரியோ, ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் ஆகிய மூன்று இடங்களின் பட்டறிவைக் கொண்டு இவ்வாதத்தை நிறுவ முயல்கிறேன்.

1. அனுமதியே செல்வம்

கட்டுமானத் தொழிலுக்கும் அரசியலுக்கும் இடையிலான உறவு பிற தொழில்களின் உறவைவிட நெருக்கமாக இருப்பதற்குக் காரணம் நிலத்தின் தன்மையில் இருக்கிறது. விளைநிலம் ஒன்று குடியிருப்பு நிலமாக வகைமாற்றம் பெறும் நாளில் அதன் மண்ணிலோ நீரிலோ எதுவும் மாறுவதில்லை. அரசாணை ஒன்று மாறுகிறது, விலை பல மடங்காகிறது. உரிமையாளரின் உழைப்பாலும் முதலீட்டாலும் வராத இந்த மதிப்பு, முடிவெடுக்கும் அதிகாரியின் கையெழுத்தால் பிறக்கிறது.

பிரிட்டனின் 1947ஆம் ஆண்டு நகர, நாட்டுப்புறத் திட்டமிடல் சட்டம் இதை நன்கு உணர்ந்திருந்தது. நிலத்தில் கட்டும் உரிமையை அது அரசுடைமையாக்கியது. அனுமதியால் கூடும் மதிப்பு முழுவதையும் வளர்ச்சிக் கட்டணமாக அரசே எடுத்துக்கொள்ளும் என்றது. 1950களின் தொடக்கத்தில் கன்சர்வேட்டிவ் அரசு அக்கட்டணத்தை நீக்கியது. அனுமதி தரும் அதிகாரமோ அரசிடமே நின்றது. உயரும் மதிப்பில் ஒரு பகுதி இன்று இரண்டு வழிகளில் பொதுமக்களுக்குத் திரும்புகிறது. குறைந்த விலை வீடுகள் எத்தனை என்பது ஒவ்வொரு திட்டத்துக்கும் தனித்தனியே பேசி முடிக்கப்படுகிறது. 2008ஆம் ஆண்டுச் சட்டம் கொண்டுவந்த சமூக உள்கட்டமைப்புத் தீர்வையை உள்ளாட்சி வசூலிக்கிறது. முதலாவது பேரத்துக்கு உட்பட்டது. இரண்டாவது அனுமதி கிடைக்கும் நாளில் நடைமுறையிலுள்ள விகிதத்தைப் பொறுத்தது. ஆகவே எத்தனை வீடுகள் என்பதும் எந்த நாளில் என்பதும் கோடிகளைத் தீர்மானிக்கின்றன. டெஸ்மண்டின் திட்டமான வெஸ்ட்ஃபெரி விவகாரத்தில் இரண்டுமே பங்காற்றின.

2. வெஸ்ட்ஃபெரி: ஒரு நாளின் மதிப்பு

கிழக்கு லண்டனின் டவர் ஹாம்லெட்ஸ் பகுதியில், தேம்ஸ் ஆறு வளைந்தோடும் ஐல் ஆஃப் டாக்ஸில், வெஸ்ட்ஃபெரி அச்சகம் இருந்த இடத்தில் 722 வீடுகள் கட்ட 2016இல் அனுமதி கிடைத்தது. அதை வழங்கியவர் அன்றைய லண்டன் மேயர் போரிஸ் ஜான்சன். 2018இல் டெஸ்மண்டின் நார்தர்ன் அண்ட் ஷெல் நிறுவனம் எண்ணிக்கையை 1,524 ஆக உயர்த்திப் புதிய விண்ணப்பம் அளித்தது. கவுன்சில் உரிய காலத்தில் முடிவெடுக்கவில்லை என்று நிறுவனம் மேல்முறையீடு செய்தது. இறுதி முடிவு அமைச்சரிடம் சென்றது. விசாரணை நடத்திய திட்டமிடல் ஆய்வாளர் அனுமதி மறுக்கப் பரிந்துரைத்தார். கோபுரங்களின் உயரம் சுற்றியுள்ள வரலாற்றுச் சின்னங்களின் காட்சியைக் கெடுக்கும் என்பதும், குறைந்த விலை வீடுகளின் பங்கு போதாது என்பதும் அவர் கண்ட முக்கியக் குறைகள். நிறுவனம் தர முன்வந்தது 21 விழுக்காடு. உள்ளாட்சிக் கொள்கை எதிர்பார்த்தது 35 விழுக்காடு.

2019 நவம்பர் 18 அன்று லண்டன் சவாய் ஓட்டலில் கன்சர்வேட்டிவ் கட்சியின் நிதிதிரட்டும் விருந்து நடந்தது. அமைச்சரும் டெஸ்மண்டும் ஒரே மேசையில் அடுத்தடுத்து அமர்ந்தனர். திட்டத்தின் விளம்பரக் காணொலியைத் தன் கைபேசியில் டெஸ்மண்ட் காட்டினார். தொடர்ந்து இருவருக்கும் இடையே குறுஞ்செய்திகள் பரிமாறப்பட்டன. அமைச்சர் நேரில் வந்து இடத்தைப் பார்ப்பது பற்றிப் பேசப்பட்டு, பின்னர் கைவிடப்பட்டது. கவுன்சிலின் புதிய தீர்வை நடைமுறைக்கு வந்தால் தாம் கூடுதலாகச் செலுத்த நேரும் தொகையை டெஸ்மண்ட் தம் செய்திகளில் சுட்டிக்காட்டினார். ஜனவரி 15 அன்று டவர் ஹாம்லெட்ஸ் கவுன்சில் கூடிப் புதிய விகிதத்துக்கு ஒப்புதல் அளிக்க இருந்தது. ஆய்வாளரின் பரிந்துரையைத் தள்ளி அமைச்சர் அனுமதி வழங்கியது அதற்கு முந்திய நாள். அந்த நாளுக்குள் முடிவு வெளிவர வேண்டும் என்று அமைச்சர் வற்புறுத்தியதைத் துறை அதிகாரிகளின் மின்னஞ்சல்கள் பின்னர் காட்டின. இதனால் நிறுவனத்துக்கு மிச்சமாகக்கூடிய தீர்வை 3 முதல் 5 கோடி பவுண்டு வரை என மதிப்பிடப்பட்டது.

இழந்தவர்கள் யார் என்பதையும் பார்க்க வேண்டும். லண்டனின் வறுமை மிகுந்த பகுதிகளுள் டவர் ஹாம்லெட்ஸ் ஒன்று. பள்ளிக்கும் மருத்துவ நிலையத்துக்கும் செல்ல வேண்டிய தொகை அந்தத் தீர்வை. குறைந்த விலை வீட்டுக்காகக் காத்திருந்தவர்களுக்குக் கிடைத்திருக்க வேண்டிய இடம் அந்த அச்சக நிலம். அவர்களில் எவருக்கும் அந்த விருந்தில் இருக்கை இல்லை. சலுகை பெறுபவர் ஒருவர், அவருக்குப் பெயர் உண்டு. இழப்போ பெயரற்ற ஆயிரக்கணக்கானோரிடையே சிதறிவிடுகிறது. திட்டமிடலில் நடக்கும் ஒருதலைச் சார்பு எதிர்ப்பின்றி நடந்தேறுவதற்கு இந்தச் சிதறலே பெருங்காரணம். இங்கு அது தடைபட்டதற்குக் காரணம், இழப்பைத் தன் கணக்கில் எழுதிப் பார்க்கக்கூடிய ஒரு கவுன்சில் இருந்ததும், அது வழக்குத் தொடர்ந்ததுமே.

3. பேரமா, அணுக்கமா?

விருந்தில் பேரம் நடந்தது என்பதற்குச் சான்று எதுவும் வெளிவரவில்லை. வீடுகளின் எண்ணிக்கையைப் பெருக்குவதே தம் நோக்கம் என்றார் ஜென்ரிக். ஆய்வாளரின் பரிந்துரை அமைச்சரைக் கட்டுப்படுத்தாது என்பதும், அதற்கு மாறாக முடிவெடுப்பது சட்டப்படி அவருடைய உரிமை என்பதும் உண்மை. இவற்றை முழுவதும் ஒப்புக்கொண்டாலும் சிக்கல் தீர்வதில்லை. காலக்கெடு பற்றிய கவலை அமைச்சருக்கு விண்ணப்பதாரர் தரப்பிலிருந்து நேரடியாக வந்து சேர்ந்தது. மறுதரப்பின் கவலை அதே வழியில் அவரை எட்டவில்லை. நேர்மையான மனிதரும் தாம் கேட்ட குரல்களை வைத்தே எடைபோடுகிறார்.

இந்த நுட்பத்தை நீதிமன்றங்கள் அறிந்தே இருக்கின்றன. நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 2009 டிசம்பரில் கட்டுமான அதிபர்கள் அரசியல் நன்கொடை அளிப்பதைத் தடைசெய்தது. உலங்காங் நகரக் கவுன்சிலில் கட்டுமானக்காரர்களுக்கும் திட்டமிடல் துறைக்கும் இடையிலிருந்த தவறான உறவை மாநில ஊழல் தடுப்பு ஆணையம் 2008இல் அம்பலப்படுத்தியதே அதன் பின்னணி. தொழிலதிபர் ஜெஃப் மெக்லாய் அத்தடையை எதிர்த்து வழக்காடினார். 2015இல் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் தடை செல்லும் எனத் தீர்ப்பளித்தது. நேரடிக் கைம்மாறு ஊழலின் ஒரு வகை மட்டுமே என்று பெரும்பான்மை நீதிபதிகள் விளக்கினர். பதவியிலிருப்பவர் தம்மைத் தாங்குபவர்களின் நலனைச் சார்ந்து நிற்கப் பழகிவிட்டால், விவகாரத்தின் தகுதியைக் கண்டு முடிவெடுக்கும் திறன் அரிக்கப்படுகிறது. இந்தச் சார்புநிலை அரசியலின் தரத்துக்கு இன்னும் நுட்பமான கேடு என்றனர். நிலவகை மாற்றமும் கட்டட அனுமதியும் அரசின் கையில் இருப்பதால் இத்தொழிலைத் தனியே பிரித்து நடத்துவது நியாயமே என்றும் கருதினர். மெக்லாயே, 2014இல் ஆணையத்தின் விசாரணையின்போது, வேட்பாளர்கள் தம்மை நடமாடும் ஏடிஎம்மாக நடத்தினார்கள் என்று குறைப்பட்டுக்கொண்டார். சார்புநிலை இருபுறமும் இழுக்கும் என்பதை அக்கூற்று காட்டுகிறது.

இந்திய உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரி 15 அன்று தேர்தல் பத்திரத் திட்டத்தை ரத்துசெய்தபோது இதே தடத்தில் சென்றது. அரசியல் நன்கொடை முதலில் தருவது சட்டமியற்றுவோரை அணுகும் வாய்ப்பை, அவ்வாய்ப்பே பின்னர் கொள்கையின்மீது செல்வாக்காக மாறுகிறது என்பது அத்தீர்ப்பின் அடிப்படைகளுள் ஒன்று.

4. தோற்றத்தை அளக்கும் சட்டம்: ஆற்றலும் எல்லையும்

குற்றவியல் சட்டம் உள்நோக்கத்தைத் தேடுகிறது. நிர்வாகச் சட்டம் தோற்றத்தைத் தேடுகிறது. விவரமறிந்த நடுநிலையாளர் ஒருவர் பார்த்தால் ஒருதலைச் சார்புக்கு உண்மையான வாய்ப்பு இருப்பதாகக் கருதுவாரா என்பதே பிரிட்டிஷ் நீதிமன்றங்களின் உரைகல். 2001இல் பிரபுக்கள் அவை இதை வரையறுத்த வழக்கும் வீட்டுவசதி அரசியலில் பிறந்ததுதான்: வெஸ்ட்மின்ஸ்டர் கவுன்சிலின் தலைவராக இருந்த ஷெர்லி போர்ட்டர், தம் கட்சிக்கு வாக்குச் சேர்க்கும் நோக்கில் இழுபறி வார்டுகளில் கவுன்சில் வீடுகளை விற்ற விவகாரம் அது.

வெஸ்ட்ஃபெரியில் இந்த உரைகல் பயனளித்தது. டவர் ஹாம்லெட்ஸ் வழக்குத் தொடர்ந்ததும், 2020 மே மாதத்தில், தம் முடிவு தோற்றச் சார்பு காரணமாகச் சட்டத்துக்குப் புறம்பானது என்று அமைச்சரே ஒப்புக்கொண்டார், அனுமதி ரத்தானது. மறுவிசாரணைக்குப் பின் 2021 நவம்பரில் திட்டம் நிராகரிக்கப்பட்டது. பேரத்தை நிறுவ வேண்டிய தேவையே எழாமல் தவறான முடிவு நீங்கியது.

ஆனால் அதே ஒப்புதல் வாக்குமூலம் ஒரு கதவை அடைத்தது. வழக்கு முடிந்துபோனதால், ஆவணங்களை நீதிமன்றத்தில் வைத்து நடந்ததை ஆராயும் வாய்ப்பு இல்லாமற்போனது. எதிர்க்கட்சி நாடாளுமன்றத்தில் நெருக்கடி கொடுத்த பிறகே, ஜூன் 24 அன்று, குறுஞ்செய்திகளும் மின்னஞ்சல்களும் வெளியாயின. அமைச்சர்களுக்கான நடத்தை விதிகளை நடைமுறைப்படுத்துபவர் பிரதமர். பிரதமராக இருந்த ஜான்சன் விவகாரம் முடிந்தது என்று அறிவித்தார். தோற்றத்தை அளக்கும் சட்டம் முடிவை ரத்துசெய்ய வல்லது. உண்மையை வெளிக்கொணரவும் பொறுப்பைச் சுமத்தவும் அது போதாது.

5. ஒன்டாரியோ: தேடும் நிறுவனம்

ஒன்டாரியோவில் நிகழ்ந்தது அளவில் பன்மடங்கு பெரியது. டொரோண்டோவைச் சூழ்ந்த ஏறத்தாழ 20 லட்சம் ஏக்கர் பசுமை வளையம் 2005 முதல் பாதுகாக்கப்பட்டு வந்தது. மாகாண முதல்வர் டக் ஃபோர்டின் அரசு 2022 இறுதியில் அதிலிருந்து 15 இடங்களில் சுமார் 7,400 ஏக்கரை விடுவித்தது. வீட்டுப் பற்றாக்குறையைக் காரணம் காட்டியது. ஆனால் நிலப் பற்றாக்குறை சிக்கலுக்குக் காரணமன்று என்று அரசு அமைத்த பணிக்குழுவே அதே ஆண்டின் தொடக்கத்தில் கூறியிருந்தது. விடுவிக்கப்பட்டவற்றுள் மிகப் பெரிய பரப்பு பிக்கரிங் நகரின் வேளாண் காப்பு நிலம். ஸ்கார்பரோ, மார்க்கம், ஏஜாக்ஸ் என ஈழத் தமிழர் செறிந்து வாழும் ஊர்களுக்கு அது அண்டைப் பகுதி.

தலைமைத் தணிக்கையாளர் பானி லைசிக் 2023 ஆகஸ்ட் 9 அன்று அறிக்கை வெளியிட்டார். 15 இடங்களில் 14ஐ முன்மொழிந்தவர் வீட்டுவசதி அமைச்சரின் தனிச்செயலகத் தலைவர். விடுவித்த பரப்பில் 92 விழுக்காடு, தொழில்துறை விருந்து ஒன்றில் அவரை அணுகிய இரண்டு கட்டுமானக்காரர்கள் கோரிய நிலங்களில் அடங்கியது. உரிமையாளர்களின் நிலமதிப்பு 830 கோடி கனடிய டாலருக்கு மேல் உயரக்கூடும். இங்கும் விருந்து மேசை; இங்கும் கைம்மாறு பற்றிய தீர்ப்பு எதுவும் இல்லை. நேர்மை ஆணையர் டேவிட் வேக், அமைச்சர் ஸ்டீவ் கிளார்க் சட்டமன்ற உறுப்பினர் நேர்மைச் சட்டத்தை மீறினார் என்று ஆகஸ்ட் 30 அன்று கண்டறிந்தார். தம் அலுவலகத்தில் நடந்ததைக் கண்காணிக்கத் தவறியதே அவர்மீதான குறை. செப்டம்பர் 4 அன்று கிளார்க் பதவி விலகினார். அதே மாதம் 21 அன்று ஃபோர்டு மன்னிப்புக் கேட்டு முடிவைத் திரும்பப் பெற்றார்.

கவனிக்க வேண்டியது: ஒன்டாரியோவில் நிறுவனங்கள் கட்சிகளுக்கு நன்கொடை அளிப்பது 2017 முதலே தடைசெய்யப்பட்டிருந்தது. தடை அணுக்கத்தை ஒழிக்கவில்லை. விருந்துகளும் தனிநபர் நன்கொடைகளும் தொடர்ந்தன. பிரிட்டனில் மூடிய விவகாரத்தை இங்கே திறந்து வைத்தவை ஆட்சித் தலைவரின் தயவை நம்பியிராத இரண்டு அலுவலகங்கள்.

6. தீர்வுகள்

நன்கொடைத் தடை தேவை, அது போதாது. பிரிட்டனில் 2010 முதல் 2020 வரை கன்சர்வேட்டிவ் கட்சி பெற்ற நன்கொடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு வீட்டுவசதித் தொழிலில் பெருநலன் கொண்டவர்களிடமிருந்து வந்தது என்று டிரான்ஸ்பரன்சி இன்டர்நேஷனல் கணக்கிட்டது. ஒரு கட்சியே ஒரு தொழிலைச் சார்ந்து நிற்கும்போது தனித்தனி நன்கொடைகளைத் துருவுவது பயன் தராது. அதேவேளை, ஒரு தொழிலினரின் அரசியல் பங்கேற்பை அடியோடு மறுப்பது உரிமைப் பறிப்பு என்னும் ஆட்சேபமும் புறந்தள்ளத் தக்கதன்று. மெக்லாய் வழக்கிலும் நீதிபதி ஒருவர் இத்தடையை ஏற்கவில்லை. ஆகவே பணத்தோடு நிற்காமல் அணுக்கத்தையும் நெறிப்படுத்தியாக வேண்டும்.

மூன்று நடவடிக்கைகள் இவ்வாதத்திலிருந்து பிறக்கின்றன. முதலாவது, நிலுவையிலுள்ள விண்ணப்பம் பற்றி முடிவெடுப்பவரோடு நடக்கும் தொடர்பு ஒவ்வொன்றும் அன்றே கோப்பில் ஏற வேண்டும், எதிர்த்தரப்பின் பார்வைக்கும் வர வேண்டும். நியூ சவுத் வேல்ஸில் விண்ணப்பதாரர் கடந்த இரண்டு ஆண்டுகளில் அளித்த நன்கொடைகளை விண்ணப்பத்தோடு சேர்த்தே அறிவிக்க வேண்டும். பணத்துக்குள்ள இந்த விதி பேச்சுக்கும் பொருந்த வேண்டும். இரண்டாவது, ஆராயும் அதிகாரம் ஆட்சித் தலைவரின் விருப்பத்தைச் சாராத ஆணையரிடம் இருக்க வேண்டும். முடிவு ரத்தானாலும் விசாரணை தொடர வேண்டும். மூன்றாவது, தனி விருப்புரிமையின் பண மதிப்பையே குறைக்க வேண்டும். தீர்வை விகிதம் விண்ணப்பம் பதிவான நாளில் உறுதியாகிவிட்டால், அனுமதி நாளை முன்தள்ளுவதால் யாருக்கும் லாபமில்லை. சில திட்டங்களில் உள்ளாட்சிக்கு இதனால் வருவாய் குறையலாம். ஆயினும் அது எல்லோருக்கும் பொதுவான விதியால் நேர்வது, ஒருவருக்குக் காட்டிய சலுகையால் அன்று.

இவற்றுள் மூன்றாவதே கடினமானது. முதலில் தொடங்க வேண்டியதும் அதுவே. முதல் இரண்டும் தவறு நிகழும் வழியைக் கண்காணிப்பவை. மூன்றாவது தவறு செய்வதற்கான ஆசையைக் குறைப்பது. கையெழுத்து ஒன்று கோடிகளைப் படைக்கும்வரை, அக்கையெழுத்துக்கு அருகில் இருக்கை தேடும் பணம் தடைகளைச் சுற்றிக்கொண்டு புது வழி காணும். அந்த மதிப்பைப் பொதுச் சொத்தாகக் கருதிய 1947ஆம் ஆண்டுச் சட்டத்தின் கொள்கையை, முழு அளவில் இல்லாவிட்டாலும், மீண்டும் விவாதத்துக்கு எடுத்துக்கொள்ளாமல் நன்கொடைச் சீர்திருத்தம் மட்டும் பேசுவது பாதி வேலையே.