பட்டியலில் விடுபட்ட எண்



ஆரணிப் பட்டுத் தறியில் அறுபது இழைகளைச் சம பங்காகப் பிரிக்க வேண்டுமென்று வைத்துக்கொள்வோம். இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஆறு என எத்தனை பங்கு கேட்பினும் அறுபது இசைந்து கொடுக்கும். அறுபத்தொன்றோ எதற்கும் இசையாது. இவ்வூரில் ஆசிரியப் பணி ஆற்றிய நாளில், வகுத்தல் பாடத்தை நான் தறியிலிருந்தே தொடங்குவது வழக்கம். கேட்டிருந்தோருள் பலர் நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள்.

அறுபதை மீதியின்றி வகுக்கும் எண்கள் 12. அதனினும் சிறிய எந்த எண்ணுக்கும் அத்தனை வகுஎண்கள் இல்லை. இவ்வாறு தனக்குக் கீழுள்ள எல்லா எண்களையும் வகுஎண்களின் தொகையில் வெல்லும் எண்களை ஆராய்ந்தவர் நம் சீனிவாச இராமானுஜன். 1914-ஆம் ஆண்டு சென்னையினின்று கப்பலேறிக் கேம்பிரிட்ஜ் சென்ற அவர், 1915-இல் இலண்டன் கணிதச் சங்கத்தின் வெளியீட்டில் இதுபற்றி நீண்டதொரு கட்டுரை எழுதினார். அதன் பயனாக 1916-இல் அப்பல்கலைக்கழகம் அவருக்குப் பட்டம் வழங்கியது.

அக்கட்டுரையின் பட்டியலில் இறுதியாக நிற்பது 6746328388800 என்னும் பேரெண். ஆறு இலட்சத்து எழுபத்து நான்காயிரத்து அறுநூற்று முப்பத்திரண்டு கோடிக்கும் மேற்பட்டது அது. கண்டு அஞ்ச வேண்டா, பிரித்துப் பார்ப்போம். அதில் 2 ஆறு முறையும், 3 நான்கு முறையும், 5-உம் 7-உம் இரண்டிரண்டு முறையும், 11, 13, 17, 19, 23 ஆகியவை ஒவ்வொரு முறையும் பெருக்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு முறையெண்ணோடும் ஒன்றைக் கூட்டி, வருவனவற்றைப் பெருக்குங்கள்: 7, 5, 3, 3, பின்னர் ஐந்து முறை 2. விடை 10080. இத்தனை எண்கள் அதனை மீதியின்றி வகுக்கும்!

முறையெண்கள் இறங்கு வரிசையில் அமைந்திருப்பதைக் கவனித்தீர்களா? அதற்குக் காரணம் உண்டு. 18, 12 ஆகிய இரண்டுக்கும் வகுஎண்கள் ஆறே. 18-இல் 3 இரு முறையும் 2 ஒரு முறையும் உள்ளன. அம்முறைகளை மாற்றி வைத்தால் 12 கிடைக்கிறது. சிறிய பகா எண்ணை மிகுதியாகப் பயன்படுத்தினால், அதே பயன் சிறிய எண்ணிலேயே கிட்டிவிடும் அன்றோ?

இனி ஒரு வியப்பு. நூற்றுக்கு மேற்பட்ட எண்கள் கொண்ட அப்பட்டியலில், இடம்பெற வேண்டிய 293318625600 என்னும் எண் விடுபட்டுப் போயிற்று. அதனை 23-ஆல் பெருக்கிப் பாருங்கள். பட்டியலின் இறுதி எண்ணே வந்து நிற்கும்! புதிய பகா எண் ஒன்று ஒரு முறை சேர்ந்ததனால், 5040 வகுஎண்கள் இருமடங்காகி 10080 ஆயின.

சங்கத்தின் பணமுடையால் அன்று அச்சேறாது நின்ற கட்டுரையின் எஞ்சிய பகுதி, நிக்கோலா, ரோபேன் என்னும் பிரெஞ்சு அறிஞர் இருவரின் குறிப்புகளோடு 1997-இல் வெளிவந்தது.

இளைஞர்களே, மேதையின் பட்டியலையும் சரிபார்க்கும் உரிமை உங்களுக்கு உண்டு. அவ்வுரிமைக்கு வேண்டுவன தாளும் எழுதுகோலும் பொறுமையுமே. பெரியோரை மதிப்பதென்பது அவர் போட்ட கணக்கை நாமும் ஒரு முறை போட்டுப் பார்ப்பதேயாகும்.