வாக்காளர் முன் வந்த வழக்கு

யாழ்ப்பாணத்துக் குடியானவன் சட்டம் அறியாதவன் என்று கருதுவோர், தெல்லிப்பழைச் செம்மண்ணையும் அதனை அடுத்துள்ள மல்லாகம் நீதிமன்றத்தையும் அறியாதவரே ஆவர். முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்று சொத்தை வகுத்து, அவ்வவற்றின் உரித்து இன்னாருக்கென விதித்த தேசவழமை, 1707ஆம் ஆண்டில் ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸினால் தொகுக்கப்பட்டு, பன்னிரு முதலிமாரின் பரிசோதனைக்குப் பின் ஏற்றுக்கொள்ளப்பட்டது. அதற்கு முன்னும் பின்னும் அது இங்குள்ளோருக்கு வீட்டு விவகாரமாகவே இருந்தது. காணியுறுதியை நொத்தாரிசிடம் வாசிப்பித்துக் கேட்டு, ஐயம் தீராவிடின் பிரக்கிராசியிடமும், அதற்கும் மேலாயின் அப்புக்காத்திடமும் செல்வது அவர்களுக்குப் பழகிய வழியாயிருந்தது. ஆயினும் நாட்டின் அரசியற்றிட்டம் மட்டும் கொழும்பிலும் இலண்டனிலும் பெரியோர் பேசும் பொருளாகவே நெடுநாள் இருந்தது. அதனை இவ்வூராரின் சொந்த வழக்காக்கியவர், இங்கு வளர்ந்த அப்புக்காத்து சா. ஜே. வே. செல்வநாயகம்.

1898இல் மலாயாவின் ஈப்போ நகரிற் பிறந்து, பாலப்பருவத்திலேயே தாயாருடன் தெல்லிப்பழைக்கு வந்து, யூனியன் கல்லூரியிற் கல்வியைத் தொடங்கிய அவர், சிவில் வழக்குகளிற் கீர்த்தி பெற்றுப் பின்னர் இராணி அப்புக்காத்து என மதிக்கப்பட்டார். மேடை முழக்கம் அவருக்கு வாய்க்கவில்லை. பிரேரணையை முன்வைத்து, ஆதாரத்தை எடுத்துக்காட்டி, முடிவைக் கேட்போரிடம் விடுவதே அவருடைய ரீதி. மலையகத் தமிழரின் பிரசாவுரிமையைப் பறித்த சட்டங்களை எதிர்த்துத் தமிழ்க் காங்கிரஸிலிருந்து பிரிந்து, 1949 டிசம்பர் 18ஆந் தேதி தமிழரசுக் கட்சியை அவர் நிறுவியபோது முன்வைத்த சமஷ்டிக் கொள்கையும் யாழ்ப்பாணத்துக்குப் புதியதன்று. 1926ஆம் ஆண்டிலேயே, இளைஞராயிருந்த எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க இங்கு வந்து அதனைப் பிரசங்கித்துச் சென்றிருந்தார்; முப்பதாண்டு கழித்துச் சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கிய பிரதமரும் அவரே.

அந்நாளில் நடைமுறையிலிருந்த சோல்பரி அரசியற்றிட்டத்தின் 29ஆம் பிரிவு, ஒரு சமூகத்தார்க்கில்லாத தடையை மற்றொரு சமூகத்தார்மீது விதிக்கும் சட்டம் செல்லாது என்றது. அதன் வலிமையைச் சோதிக்கத் துணிந்தவர் கோடீஸ்வரன் என்னும் அரசாங்க லிகிதர். சிங்களப் பரீட்சையிற் சித்தியடையாமையால் சம்பளவுயர்ச்சி நிறுத்தப்பட்ட அவருக்குச் சார்பாக, 1964இல் கொழும்பு மாவட்ட நீதிமன்றம் மொழிச் சட்டமே செல்லாதெனத் தீர்த்தது. உயர் நீதிமன்றமோ, அரச ஊழியர் சம்பளத்துக்காக வழக்கிட முடியாதென்று கூறி அத்தீர்ப்பை மாற்றியது. 1969இல் இலண்டன் கோமறைக் கழகம் அக்காரணத்தைத் தள்ளி, மொழிச் சட்டத்தின் செல்லுபடியை ஆராயுமாறு வழக்கைத் திருப்பி அனுப்பிற்று. அந்த ஆராய்வு நிகழவேயில்லை. 1971இல் கோமறைக் கழகத்துக்கான மேன்முறையீடு ஒழிந்தது. 1972 மே 22ஆந் தேதி பிறந்த குடியரசு அரசியற்றிட்டத்திலோ 29ஆம் பிரிவே இல்லை.

நியாயஸ்தலத்தின் வாயில்கள் அடைபட்ட அந்நிலையிலேதான், 1972 அக்டோபரில் செல்வநாயகம் தமது காங்கேசன்துறை ஆசனத்தைத் துறந்தார். தமிழ்ப் பிரதிநிதிகளின் சம்மதமின்றி இயற்றப்பட்ட அரசியற்றிட்டம் தமிழரைக் கட்டுப்படுத்துமா என்னும் வினாவொன்றையே விடயமாக்கி, தெல்லிப்பழையை உள்ளடக்கிய தம் தொகுதியின் வாக்காளரை நீதிபதிகளாகப் பாவித்தார். அரசாங்கம் இடைத்தேர்தலை இரண்டாண்டுக்கு மேல் ஒத்திவைத்தது. நடுக்குவாத நோயினாற் குரல் நலிந்திருந்த முதியவர், 1975 பெப்ரவரி 6ஆந் தேதி 25,927 வாக்குகளைப் பெற்றார். அரசாங்க ஆதரவுடன் நின்ற கம்யூனிஸ்ட் வேட்பாளர் வி. பொன்னம்பலம் பெற்றவை 9,457.

வெற்றியின் பின்னர் அவர், தமிழர் இறைமை பற்றித் தம் தொகுதி தீர்ப்பளித்துவிட்டதாகவே அதனை வியாக்கியானஞ் செய்தார். ஆனால் மல்லாகத்தில் டிக்கிரி பெற்றவனுக்கு அதனை நிறைவேற்றிக் கொடுக்கப் பிஸ்கால் உண்டு. ஒரு தொகுதியின் தீர்ப்பை நாடு ஏற்றாக வேண்டும் என்பதற்கோ அந்த அரசியற்றிட்டத்தில் ஓர் ஏற்பாடும் இருக்கவில்லை. 1976 மே மாதத்தில் தமிழர் கட்சிகள் நிறைவேற்றிய வட்டுக்கோட்டைத் தீர்மானம் தனியரசையே கோரியதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம். அரசியற்றிட்ட நுட்பம் பாமரருக்கு எட்டாது என்று அன்று சிலர் சொன்னதுண்டு. எட்டாமற் போனது பாமரருக்கன்று என்பதையே காங்கேசன்துறை வாக்காளர் நிரூபித்தனர்.