ஒரு கோப்பைக்கு நான்கு மணி நேரம்

கல்லூரி நாட்களை நினைவுகூரும் கட்டுரைகளில் ஏறத்தாழத் தவறாமல் வரும் செய்தி ஒன்று உண்டு. கையில் காசில்லாத நான்கைந்து நண்பர்கள், ஒரே ஒரு காப்பி, நான்கு மணி நேரப் பேச்சு. கொல்கத்தா காலேஜ் ஸ்ட்ரீட்டைப் பற்றி எழுதுவோரும், டில்லி கன்னாட் பிளேஸைப் பற்றி எழுதுவோரும், அலகாபாத் சிவில் லைன்ஸைப் பற்றி எழுதுவோரும் இதையே சொல்கிறார்கள். இளமையின் வறுமைக்கும் நட்பின் செழுமைக்கும் சான்றாக அவர்கள் இதைக் கொள்கிறார்கள். எனக்கோ இது பொருளாதார வரலாற்றுக் கேள்வியாகப் படுகிறது. ஒரு கோப்பைக்கு நான்கு மணி நேரம் மேசையை விட்டுக்கொடுக்கும் கடை எப்படி நடக்கும்? அந்த நட்டத்தை யார் ஏற்றார்கள்?

ஆவணப் பணிக்காகக் கொல்கத்தாவில் தங்கியிருந்த மாதங்களில் எனக்கும் இந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது. உதவித்தொகை வந்து சேரும் நாளில் (அது எந்த நாள் என்பதை எவரும் முன்கூட்டிச் சொல்லிவிட முடியாது) நடைபாதைக் கடையில் பழைய புத்தகம் ஒன்று வாங்குவேன். பிறகு பங்கிம் சாட்டர்ஜி தெருவிலுள்ள காப்பி ஹவுஸின் மாடியேறி ஒரு ‘இன்ஃபியூஷன்’ சொல்வேன். பால் சேர்க்காத காப்பிக்கு அங்கே வழங்கும் பெயர் அது. வடிசாற்றைக் குறிக்கும் தொழிற்சொல் ஒன்று ஒரு நகரத்து மாணவர்களின் அன்றாடச் சொல்லாகிவிட்டதைக் கேட்டு மொழியியல் படித்த மனம் மகிழாமல் இருக்குமா? பரிமாறுபவரை ‘தாதா’ என்று அழைக்கத்தான் சில நாட்கள் தயக்கம் இருந்தது. அண்ணனைக் குறிக்கும் அந்த வங்கச் சொல், தமிழ்த் திரைப்படங்களில் வளர்ந்த காதுக்கு வேறு பொருளையே தருகிறது.

சொற்களைப் பற்றிய பேச்சு வந்துவிட்டதால் ‘அட்டா’வையும் பார்த்துவிடலாம். இலக்கற்ற நெடும்பேச்சைக் குறிக்கும் இச்சொல்லை வங்காளிகள் தம் பண்பாட்டின் அடையாளமாகவே கருதுகிறார்கள். இந்தியில் ‘அட்டா’ என்றால் நிற்குமிடம், தங்குமிடம். வளர்ப்புப் பறவை உட்காரும் கட்டையும் அட்டா, பேருந்து நிலையமும் அட்டா. வங்காளியில் இடத்தின் பெயர் அந்த இடத்தில் நிகழும் செயலுக்கும் பெயராகிவிட்டது. கெட்ட சகவாசத்தோடு சேர்த்துப் பேசப்பட்ட இச்சொல் இருபதாம் நூற்றாண்டில் இலக்கிய மதிப்புப் பெற்ற கதையைத் தீபேஷ் சக்கரவர்த்தி நீண்ட கட்டுரையொன்றில் ஆராய்ந்திருக்கிறார். நம் ‘அரட்டை’க்கு அந்தப் பதவி உயர்வு இன்னும் கிடைக்கவில்லை. ஆனால் இங்கு நான் கவனிக்க விரும்புவது பேச்சை அன்று. பேச்சுக்கு முன்பே சொல்லில் இருந்த இடத்தைத்தான்.

அந்த இடம் மாணவர்களுக்காக உருவானதன்று. 1930களில் உலகப் பொருளாதார வீழ்ச்சியால் காப்பி விலை சரிந்தது. தென்னிந்தியத் தோட்டங்களில் விளைந்ததை வெளிநாட்டுச் சந்தையை மட்டும் நம்பி விற்க முடியாது என்ற நிலை வந்தபோது, உள்நாட்டிலேயே குடிப்பவர்களை உண்டாக்க வேண்டியதாயிற்று. 1935இல் காப்பி மீது செஸ் வரி விதிக்கச் சட்டம் வந்தது. அந்தச் செஸ் குழுவின் முயற்சியால் 1936இல் பம்பாயின் சர்ச்கேட் பகுதியில் முதல் ‘இந்தியா காப்பி ஹவுஸ்’ திறக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போர் ஐரோப்பியச் சந்தையையும் அடைத்துவிடவே, காப்பி வாரியத்தின் கீழ் இக்கடைகள் பல நகரங்களுக்குப் பரவின. தமிழ் வீடுகளுக்குள் காப்பி நுழைந்த வரலாற்றை ஆ. இரா. வேங்கடாசலபதியின் ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ வழியாக நாம் அறிவோம். அங்கே காப்பி நடுத்தரவர்க்கத்தின் அடையாளமாகத் தானே வேர்பிடித்தது. தேநீர் நாடான வங்காளத்திலோ அதற்கு விளம்பரம் தேவைப்பட்டது. காப்பி ஹவுஸ் அடிப்படையில் அந்த விளம்பரம்தான். விளம்பரத்தின் வேலை பழக்கத்தை உண்டாக்குவது. மேசையில் நெடுநேரம் உட்கார்ந்திருப்பவர் வணிகருக்கு நட்டமாகத் தெரியலாம். பழக்கத்தை விதைக்க வந்த வாரியத்துக்கு அவர் நட்டமல்லர் என்பது என் ஊகம்.

கொல்கத்தாவில் 1942இல் இக்கடை குடியேறிய கட்டடத்துக்கு அதற்கு முன்பே ஒரு பேச்சு வரலாறு உண்டு. 1876இல் நிறுவப்பட்ட ஆல்பர்ட் ஹால் அது. காங்கிரஸ் தோன்றுவதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னதாக, 1883 டிசம்பரில், சுரேந்திரநாத் பானர்ஜி முதலானோர் கூட்டிய இந்திய தேசிய மாநாடு அங்கேதான் நடந்தது. எதிரே 1817இல் இந்துக் கல்லூரியாகத் தொடங்கிய பிரசிடென்சி, பக்கத்தில் 1857இல் நிறுவப்பட்ட பல்கலைக்கழகம். உயர்ந்த கூரையும் சுற்றுமாடியும் கொண்ட அந்தக் கூடத்துக்கு மாணவர்கள் வராமல் இருந்திருந்தால்தான் வியப்பு.

வந்தவர்கள் மாணவர்கள் மட்டுமல்லர். 1943இல் டி.ஜே. கீமர் என்ற விளம்பர நிறுவனத்தில் இளைஞர் ஒருவர் மாதம் 80 ரூபாய்ச் சம்பளத்தில் சேர்ந்தார். சாந்திநிகேதனில் ஓவியம் பயின்றபோது அங்கிருந்த நூலகத்தில் பால் ரோத்தா, ஸ்பாட்டிஸ்வுட் ஆகியோரின் திரைப்பட நூல்களைப் படித்து, அதுவரை பொழுதுபோக்காக இருந்ததைத் தீவிர ஈடுபாடாக மாற்றிக்கொண்டவர். வேலை நேரம் போக, சிக்னெட் பிரஸ் வெளியிட்ட நூல்களுக்கு அட்டைப்படம் வரைந்தார். அப்படி வரைந்தவற்றுள் ஒன்று ‘பதேர் பாஞ்சாலி’யின் சுருக்கப் பதிப்பு. சித்தரஞ்சன் அவென்யூ காப்பி ஹவுஸில் நண்பர்களோடு நடத்திய பேச்சின் தொடர்ச்சியிலேதான் 1947இல் கல்கத்தா பிலிம் சொசைட்டி உருவாயிற்று. சத்யஜித் ராயை மேதையாக மட்டும் பார்க்கும் வரலாறு, சம்பளக்கார இளைஞனின் சிறு செலவுகளான காப்பியையும் புத்தகத்தையும் சினிமாச் சீட்டையும் அடிக்குறிப்பாக்கிவிடுகிறது. அந்தச் சிறு செலவுகளைச் செய்யக்கூடிய விலையில் ஒரு நகரம் அவருக்கு வாய்த்திருந்தது என்பதை நாம் கவனிப்பதில்லை.

புத்தகத்தின் மலிவும் அப்படித்தான். காலேஜ் ஸ்ட்ரீட் நடைபாதையின் பழைய புத்தகக் கடைகள் பெரும்பாலும் தேர்வின் சுழற்சியால் இயங்குபவை. பாடத்திட்டம் முடிந்த மாணவர் விற்றுவிட்டுப் போகிறார், அடுத்த ஆண்டு மாணவர் வாங்குகிறார். பாடநூல்களோடு ஒட்டிக்கொண்டு பாடமல்லாத நூல்களும் வந்துசேர்கின்றன. நான் வாங்கிய ஒலியனியல் அறிமுக நூலொன்றில் மூன்று வெவ்வேறு கையெழுத்துகளில் ஓரக்குறிப்புகள் இருந்தன. மூவரும் நான்காம் இயலோடு நின்றுவிட்டிருந்தார்கள். (நான் ஐந்தாம் இயலில் நின்றேன்.) 2020 மே மாதத்தில் அம்பன் புயல் இத்தெருவின் நூல்களை வெள்ளத்தில் மிதக்கவிட்டபோது அழிந்ததில் இந்த ஓரக்குறிப்புகளும் அடங்கும். கடைக்காரர்களின் இழப்பை ரூபாயில் கணக்கிடலாம். இதற்குக் கணக்கு இல்லை.

சிற்றிதழ்களின் கதையை இங்கே சுருக்கமாகவே தொட முடியும். 1953இல் ‘கிருத்திபாஸ்’ தொடங்கியபோது அதன் நிறுவனர்களுள் ஒருவரான சுனில் கங்கோபாத்யாய் பத்தொன்பது வயதைத் தாண்டவில்லை. இப்படிப்பட்ட இதழ்களைச் சேமிக்க எந்த நிறுவனமும் முன்வராத காலத்தில், 1972இல் தேசிய நூலகத்தில் சிற்றிதழ்கள் கழிக்கப்படக் குவிந்திருப்பதைக் கண்டு மனம் கசந்த மாணவர் சந்தீப் தத்தா. பின்னாளில் பள்ளி ஆசிரியரான அவர் 1978இல் டேமர் லேனிலுள்ள தம் வீட்டிலேயே சிற்றிதழ் நூலகத்தைத் திறந்தார். 2023இல் மறையும் வரை அதை நடத்தினார். வங்கச் சிற்றிதழ்களை ஆய்வோர் அனைவரும் அந்த வீட்டுக்குக் கடன்பட்டவர்களே.

இனி, தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு வருகிறேன். 1950களின் நடுவில் காப்பி வாரியம் தன் கடைகளை மூட முடிவெடுத்தது. பழக்கம் பரவிவிட்டதால் விளம்பரத்துக்கு இனித் தேவையில்லை. வேலையிழந்த ஊழியர்களைத் திரட்டி, கடைகளைத் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களின் கையில் ஒப்படைக்கச் செய்வதில் முன்னின்றவர் ஏ.கே. கோபாலன். 1957 ஆகஸ்ட் 19 அன்று பெங்களூரில் முதல் சங்கம் அமைந்தது. அதே ஆண்டு அக்டோபர் 27 அன்று டில்லியில் கூட்டுறவின் முதல் கடை திறந்தது. 1958 மார்ச்சில் திருச்சூரிலும் கடை வந்தது. ‘இந்தியா காப்பி ஹவுஸ்’ என்பது ‘இந்தியன் காப்பி ஹவுஸ்’ ஆயிற்று. பெயரில் சேர்ந்தது ஓர் எழுத்துதான். ஆனால் பரிமாறியவர்களே உரிமையாளர்களானார்கள்.

காலேஜ் ஸ்ட்ரீட் கடையும் 1958இல் மூடப்பட்டு, அதே ஆண்டிலேயே மீண்டும் திறந்தது. இதைப் பற்றி நமக்குத் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் வரலாறு எது? பிரசிடென்சிக் கல்லூரியின் பேராசிரியர்களும் பல்கலைக்கழகப் பேராசிரியர்களும் அரசுக்கு விண்ணப்பம் எழுதினார்கள், கடை பிழைத்தது என்பது. விண்ணப்பம் உண்மைதான், அதன் மதிப்பைக் குறைக்க நான் விரும்பவில்லை. ஆனால் நாடு முழுவதும் அதே மாதங்களில் நடந்துகொண்டிருந்த தொழிலாளர் முயற்சியின் நடுவே இதை வைத்துப் பார்க்காமல், படித்தவர்கள் காப்பாற்றிய பாரம்பரியச் சின்னமாக மட்டும் எழுதுவது நம் வசதிக்கான வரலாறு. எழுதுகோல் நம் கையில் இருந்ததால் விண்ணப்பம் நினைவில் நின்றது.

1983இல் மன்னா டே பாடி வங்காளமெங்கும் பரவிய காப்பி ஹவுஸ் பாடலும் இந்த நினைவின் பகுதியே. கௌரிபிரசன்ன மஜும்தார் எழுதி, சுபர்ணகாந்தி கோஷ் இசையமைத்தது. ஏழு நண்பர்களில் யார் எங்கே போனார்கள், யார் செழித்தார்கள், யார் மறைந்தார்கள் என்ற ஏக்கம்தான் அதன் பொருள். நண்பர்களுக்குப் பெயர்கள் உண்டு. கோப்பைகளைக் கொண்டுவந்து வைத்தவர்களுக்குப் பெயர் இல்லை. பாடலைக் குறை சொல்வதற்காக இதைக் குறிப்பிடவில்லை. நானும் அதைக் கேட்டுக் கலங்கியவன்தான். நண்பர்கள் கலைந்துபோன அதே காலம் முழுவதும் கலையாமல் அங்கே நின்றவர்கள் யார் என்பதை மட்டும் கேட்கிறேன்.

நான்கு மணி நேரத்தின் கணக்கும் இங்கேதான் தீர்கிறது. முதலில் அதை ஏற்றது காப்பிச் சந்தையைப் பெருக்க விரும்பிய வாரியம். 1957க்குப் பின் ஏற்றவர்கள், வேலையைக் காத்துக்கொண்டால் போதும், பெரும் இலாபம் வேண்டாம் என்று தொடங்கிய தொழிலாளர்கள். விலை ஏறினால் நம் இளமையே பறிபோனதுபோல நாம் வருந்துகிறோம். அந்த விலைக்குள்ளேதான் அவர்களின் ஊதியமும் இருக்கிறது. விசிறி மடிப்புத் தலைப்பாகையும் வெள்ளைச் சீருடையும் அணிந்து அவர்கள் நிற்பதைப் படமெடுப்பவர்கள், காலனியப் பணியாளரின் உடையில் நிற்பவர் அக்கடையின் பங்குதாரராகவும் இருக்கக்கூடும் என்பதை எண்ணுவதில்லை. டில்லியில் இதே பேச்சு மேசை அரசுக்கு உறுத்தியது. நெருக்கடி நிலைக் காலத்தில் கன்னாட் பிளேஸ் காப்பி ஹவுஸ் இடிக்கப்பட்டது. அங்கே பேசியவர்களைப் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது.

தொழிலாளர் பக்கத்திலிருந்து எழுதப்பட்டவற்றுள் நான் அறிந்த முதன்மையான நூல், திருச்சூர் இயக்கத்தின் முன்னோடிகளுள் ஒருவரான ந.சு. பரமேஸ்வரன் பிள்ளை மலையாளத்தில் எழுதிய காப்பி ஹவுஸின் கதை. இந்தப் பதிவைப் படிப்போரில் எவருடைய தாத்தாவோ பெரியப்பாவோ புதுச்சேரியிலோ பெங்களூரிலோ வேறெங்கோ காப்பி ஹவுஸில் வேலை பார்த்திருந்தால், சங்க உறுப்பினர் சீட்டு, சம்பளப் பட்டியல், குழுப் புகைப்படம், கடிதம் என எது வீட்டில் இருந்தாலும் எனக்குத் தெரிவியுங்கள். நேரில் வந்து படியெடுத்துக்கொள்கிறேன். மூலம் உங்களிடமே இருக்கட்டும்.