பெயின்ட்பால்: விளையாட ஜாலி, டிவியில் பார்க்க ஏன் சிரமம்?

விளையாடியவர்களைக் கேட்டால் "செம த்ரில்!" என்பார்கள். ஆனால் காற்பந்துபோல் பெயின்ட்பால் தொலைக்காட்சியில் எடுபடவில்லை. ஏன்?

பந்து தெரியாது

சாயக் குண்டின் விட்டம் சுமார் 17 மில்லிமீட்டர். வேகமோ மணிக்கு 300 கிலோமீட்டருக்கும் மேல். ஒரே நேரத்தில் பல குண்டுகள் பறக்கும். கேமரா எதைப் பின்தொடரும்?

ஆளும் தெரியாது

ஒளிந்துகொள்வதுதான் ஆட்டமே! முகமூடி வேறு. சுடுபவர் ஒரு மூலையில், குண்டு படுபவர் இன்னொரு மூலையில். "யார் சுட்டாங்க?" என்று புரிவதற்குள் சுற்று முடிந்துவிடலாம்.

என்ன செய்து பார்த்தார்கள்?

1981இல் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷியரில், 12 பேர் காட்டுக்குள் ஆடிய ஆட்டம் இது. மரங்களுக்கு இடையே படமெடுப்பது கஷ்டம். பின்னர் பெரிய போட்டிகள் திறந்த திடலுக்கு வந்தன. மரங்களுக்குப் பதில் காற்றடைத்த தடுப்புகள். ஈஎஸ்பிஎன் போன்ற ஒளிவழிகளும் ஒளிபரப்பிப் பார்த்தன.

மேலிருந்து எடுக்கும் காட்சி, யார் எங்கே எனக் காட்டும் வரைபடம், மெதுவோட்டக் காட்சி எல்லாம் உதவும். ஆனால் கோல் விழுவதை நேரில் பார்ப்பதும், விழுந்தபிறகு விளக்கம் கேட்பதும் ஒன்றா?

பார்ப்பவர் குறைந்தால் விளம்பரதாரரும் குறைவர். அப்புறம் குண்டு, பயணம் என எல்லாச் செலவும் ஆட்டக்காரர் தலையில்தான்.